இசைத்தட்டின் தந்தை எமில் பெர்லினர்

மாந்தர் படைக்கும் பொருள்கள் யாவற்றுள்ளும் மிக விரைந்து மறைவது குரலே. கல்லிற் செதுக்கிய உருவம் நூற்றாண்டுகள் பல கடந்தும் நிற்கும். ஓலையில் எழுதிய சொல், அவ்வோலை செல்லரித்துப் போகுமுன் வேறோர் ஓலையிற் படி எடுக்கப்படுமாயின், தலைமுறை தலைமுறையாக வாழும். வாயினின்று எழும் இசையோ எழுந்த கணத்திலேயே காற்றோடு கலந்துவிடுகின்றது. நம் முன்னோருள் இசையாற் புகழ்பெற்றோர் எத்தனையோ பேர். அவர்தம் பெயரை நாம் அறிவோம். அவர் பாடிய பாட்டையும் ஒருவாறு அறிவோம். அவர்தம் குரல் எத்தன்மையது என்பதை அறிவார் இன்று ஒருவரும் இலர்.

இக்குறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீங்கத் தொடங்கிற்று. குரலைப் பிடித்து வைத்து மீண்டும் பேசச் செய்தவர் யார் என்று வினவின், தாமஸ் ஆல்வா எடிசன் என்று நம் மாணாக்கர் தயங்காது விடை பகர்வர். அவ்விடை பிழையன்று. ஆயினும், ஒருகால் பிடித்து வைத்த குரலை ஆயிரம் படிகளாகப் பெருக்கி ஆயிரம் வீடுகளிற் கொண்டு சேர்க்கும் வழியைக் கண்டவர் வேறொருவர். அவர் எமில் பெர்லினர் என்னும் பெரியார். நம் வீடுகளின் பரண்மேலும் அலமாரியிலும் இன்றும் உறங்கிக் கிடக்கும் இசைத்தட்டுகள் அனைத்திற்கும் அவரே தந்தை. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறி, அத்தட்டுகளுக்கு நாம் இன்று செய்யக் கடவது யாது என்பதையும் ஆராயப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பெர்லினர் 1851ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், இன்று ஜெர்மனி நாட்டைச் சார்ந்துள்ள ஹானோவர் நகரில், யூதர் குடி ஒன்றிற் பிறந்தார். தந்தையார் சாமுவேல் ஒரு வணிகர். யூதர்தம் மறைநூல்களிற் பயிற்சி மிக்கவர். தாயார் சாரா இசையில் ஈடுபாடு உடையவர். இவர்களுக்குப் பிறந்த மக்கள் பதின்மூவர். குடும்பம் பெரிது, ஆதலின் எமிலின் கல்வி நெடிது செல்லவில்லை. வோல்ஃபன்பூட்டல் என்னும் ஊரிலிருந்த பள்ளியிற் பயின்று, பதினான்காம் வயதிலேயே படிப்பை முடித்துக்கொண்டார். பின்னர் அச்சுக்கூடம் ஒன்றிற் சிற்றேவல் புரிந்தார். அதன்பின் துணிக்கடை ஒன்றிற் பணியாளராய் அமர்ந்தார். ஒருமுறை கோத்த எழுத்துகளைக்கொண்டே ஓராயிரம் தாள்கள் அச்சாவதை அச்சிறுவர் அவ்வச்சுக்கூடத்தில் நாள்தோறும் கண்டிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் அவர் ஆற்றிய பெருஞ்செயலை நோக்குங்கால், அதற்கு வித்து அங்கே விழுந்தது போலும் என்று எண்ண நமக்கு இடமுண்டு.

1870ஆம் ஆண்டில் பிரஷ்யாவுக்கும் பிரான்சுக்கும் போர் மூளும் நிலை உண்டாயிற்று. இளைஞர் பலர் படைக்கு அழைக்கப்படுவர் என்பது தெளிவாயிற்று. அவ்வாண்டிலே, பத்தொன்பது வயது நிரம்பும் தறுவாயில், பெர்லினர் கப்பலேறி அமெரிக்காவுக்குச் சென்றார். வாஷிங்டன் நகரில் தம் ஊரினர் ஒருவர் நடத்திய துணிக்கடையில் மூன்றாண்டு வேலை பார்த்தார். பின்னர் நியூயார்க் நகரம் புகுந்து, கிடைத்த தொழிலையெல்லாம் செய்தார். பசை விற்றார், உருவப்படங்களுக்குப் பின்புலம் தீட்டினார், ஜெர்மன் மொழி கற்பித்தார். சர்க்கரையைச் சோதிக்கும் இரசாயனக்கூடம் ஒன்றிற் குப்பிகளையும் கழுவினார். அக்கூடத்தை நடத்தியவர், பிற்காலத்தில் சாக்கரின் என்னும் இனிப்புப் பொருளைக் கண்டறிந்த ஃபால்பர்க் என்பார். பகலெல்லாம் இவ்வாறு உழைத்த பெர்லினர், இரவில் கூப்பர் நிலையம் என்னும் இலவசக் கல்விக்கூடத்திற் சென்று பயின்றார். கல்லூரிப் பட்டம் ஏதும் அவர் பெற்றிலர். அவர் கற்றதெல்லாம் உழைப்பின் இடையிடையே தேடிக்கொண்ட கல்வியே.

தொலைபேசியும் ஒலிவாங்கியும்

1876ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசியை உலகிற்கு அறிவித்தார். அக்கருவியிற் கேட்கும் பகுதி நன்றாயிருந்தது. பேசும் பகுதியோ மிக மெலிந்த ஒலியையே அனுப்பிற்று. வாஷிங்டனுக்கு மீண்டிருந்த பெர்லினர், தம் வாடகை அறையிலேயே எளிய பொருள்களைக் கொண்டு ஆராயத் தொடங்கினார். இரண்டு மின்கடத்திகள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க, அத்தொடுகையின் அழுத்தம் குரலலைக்கேற்பக் கூடியும் குறைந்தும் மாறுமாயின், மின்னோட்டமும் அதற்கேற்ப மாறும் என்று கண்டார். 1877ஆம் ஆண்டு ஏப்ரலில் இதனை அரசாங்கக் காப்புரிமை அலுவலகத்திற் பதிவு செய்தார். மறு ஆண்டிலேயே பெல் கம்பெனியார் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, அவரைத் தம்மிடத்துப் பணியிலும் அமர்த்திக்கொண்டனர். எடிசனும் அக்காலத்தில் இத்துறையில் உழைத்தவராதலின், முதல்வர் யார் என்பதுபற்றி வழக்குகள் பல்லாண்டு நடந்தன. காப்புரிமை கைக்கு வந்தது 1891ஆம் ஆண்டிலே. அதுபற்றிய வழக்கு ஒன்று 1897இல் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் வரையிற் சென்றது.

1881ஆம் ஆண்டில் அவர் கோரா ஆட்லர் என்னும் நங்கையை மணந்தார்; அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். ஹானோவரில் அவருடைய உடன்பிறந்தார் தொலைபேசிக் கருவி செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியதும் அவ்வாண்டே. சின்னாட்களில் பெர்லினர் கம்பெனிப் பணியை விடுத்து வாஷிங்டனிற் குடியேறித் தம் உள்ளம் சென்ற வழியே ஆராயலானார்.

தட்டுப் பிறந்த வரலாறு

குரலைப் பதிக்கும் முயற்சிக்கு முதல்வர் ஸ்காட் த மார்தன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர். 1857ஆம் ஆண்டில் அவர் ஒரு கருவி செய்தார். பேசுவார் குரலால் ஒரு மெல்லிய சவ்வு அதிரும்; அச்சவ்வோடு இணைந்த மயிர்முனை, புகைக்கரி படிந்த தாளின்மேல் இடமும் வலமுமாக நெளிந்து கோடிடும். அக்கோட்டைக் கண்ணாற் காணலாம்; காதாற் கேட்டல் இயலாது. இருபதாண்டு கழித்து, 1877இல், எடிசன் வேறு வழியிற் சென்றார். உருளையின்மேற் சுற்றிய வெள்ளீயத் தகட்டில் ஊசி மேலுங் கீழுமாகக் குத்திப் பள்ளமிடச் செய்தார். அப்பள்ளத்தின் வழியே ஊசி மீண்டும் செல்ல, குரல் மீண்டும் பிறந்தது. உலகம் வியந்தது.

எடிசன் முறையிற் பெருங்குறை ஒன்று இருந்தது. தொடக்கத்தில் ஓர் உருளையிலிருந்து பல உருளைகளை எளிதில் வார்த்தல் இயலவில்லை. நூறு பேர்க்கு ஒரு பாட்டை விற்க விரும்பின், பாடுவார் சில கருவிகளின் முன்னே நின்று அப்பாட்டையே மீட்டும் மீட்டும் பாடுதல் வேண்டும். பெர்லினர் ஸ்காட்டின் நெளிகோட்டையே மேற்கொண்டார். அக்கோட்டை உலோகத்திற் பதித்துவிட்டால், அதனின்று அச்செடுத்தல் கூடும் என்பது அவர் துணிபு. 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் காப்புரிமை வேண்டினார். நவம்பர் 8ஆம் நாள் அது வழங்கப்பட்டது. அம்முதற் கருவியிலும் உருளையே இருந்தது. விரைவில் அவர் அதனை விடுத்துத் தட்டையான வட்டைக் கைக்கொண்டார். கிராமபோன் என்னும் பெயரும் அவர் இட்டதே.

அவர் கையாண்ட முறை வருமாறு. துத்தநாகத் தட்டின்மேல் தேன்மெழுகை மிக மெல்லிய படலமாகப் பூசுவார். குரலால் அதிரும் ஊசி அம்மெழுகைச் சுருள்வட்டமாக நெளிந்து நெளிந்து கீறிச் செல்லும். பின்னர்த் தட்டினைக் குரோமிக் அமிலத்தில் இடுவார். மெழுகுள்ள இடத்தை அமிலம் தீண்டாது. கீறிய இடத்தை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். இவ்வாறு ஆகிய தாய்த்தட்டின்மேல் மின்முறையால் உலோகம் படியச் செய்து பிரித்தெடுத்தால், பள்ளம் மேடாக உள்ள அச்சு ஒன்று கிடைக்கும். அவ்வச்சினைக் கொண்டு இளகிய பொருளை அழுத்த அழுத்த, தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கும். பாடகர் பாடுவது ஒருமுறையே. படிகளோ வேண்டிய மட்டும்.

1888ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் பிலடெல்பியா நகரத்துப் பிராங்க்ளின் நிலையத்தில் பெர்லினர் இக்கருவியை அறிஞர் முன்னிலையில் இயக்கிக் காட்டிச் சொற்பொழிவாற்றினார். வருங்காலத்தில் பாடகர்கள் தம் தட்டு விற்பனையிற் பங்கு பெற்று வாழ்வர் என்று அன்றே அவர் கூறினார். ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் இருபது நிமிடத்திற் கேட்கும் காலமும் வரும் என்றார்: மழலைப்பேச்சு ஐந்து நிமிடம், இளமையின் ஆரவாரம் ஐந்து நிமிடம், முதிர்ந்த அறிவின் உரை ஐந்து நிமிடம், இறுதிக்காலத்து மெலிந்த குரல் ஐந்து நிமிடம் என அவர் அதனைப் பகுத்துக் காட்டினார். இசையை விற்பதோடு, ஒவ்வொரு குடும்பமும் தன் மக்களின் குரலைக் காத்துவைத்தலும் அவர் கருத்தில் இருந்தது என்பதை நாம் குறிக்கொள்ளல் வேண்டும்.

எனினும், அறிஞர் வியப்பு உடனே வாணிகம் ஆகவில்லை. 1889இல் அவர் தாய்நாடு சென்றபோது, வால்டர்ஸ்ஹவுசன் என்னும் ஊரிலிருந்த பொம்மைத் தொழிற்சாலையார் ஒருவரே முதலில் முன்வந்தனர். ஐந்தங்குலச் சிறு தட்டும் கையாற் சுழற்றும் சிறு பொறியும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக விற்பனையாயின. அமெரிக்காவில் 1894ஆம் ஆண்டளவில் ஏழங்குலத் தட்டுகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு நிமிடமே பாடும். அவற்றிற்குத் தாள் ஒட்டு இல்லை. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், பல தட்டுகளிற் பதிந்த நாள் ஆகியவற்றைத் தட்டின் நடுவிலேயே பொறித்தனர். கையாற் சுழற்றின் வேகம் ஒருசீராய் நில்லாது. அக்குறையை, காம்டன் நகரத்துப் பொறிவினைஞர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1896இல் செய்த சுருள்வில் இயந்திரம் நீக்கிற்று. முதலில் ரப்பராற் செய்த தட்டுகள் பின்னர் அரக்குக் கலவையாற் செய்யப்பட்டன.

அரக்கும் நம் நாடும்

அவ்வரக்கு நம் இந்திய நாட்டு மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் தருவது. உலகத்து இசைத்தட்டுகள் அரைநூற்றாண்டுக்கு மேலாக இந்திய அரக்கினை நம்பியே நடந்தன. பெர்லினரின் முயற்சியால் 1898ஆம் ஆண்டில் இலண்டனிற் கிராமபோன் கம்பெனியும், ஹானோவரில் அவர் உடன்பிறந்தாரைக் கொண்டு டாய்ச் கிராமபோன் கம்பெனியும் தோன்றின. பெர்லினரிடம் தொழில் பயின்ற பிரெட் கைஸ்பர்க் என்பார் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிந்தார். பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே கூறுவதை அத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். அம்மூலப் பதிவுகள் கடல் கடந்து ஹானோவர் சென்று, அங்கே தட்டுகளாகி மீண்டன. நம் நாட்டு அரக்கு மேல்நாடு சென்று, நம் நாட்டுக் குரலைத் தாங்கி நம் நாட்டுக்கே திரும்பிற்று. 1908ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே தட்டுத் தொழிற்சாலை எழுந்தது. எச்.எம்.வி. என்னும் பெயரும், குழாய்முன் செவிசாய்த்து அமர்ந்த நாயின் முத்திரையும் நம் ஊர்தோறும் பரவின. அந்நாயின் படத்தை எழுதியவர் பிரான்சிஸ் பரோட் என்னும் ஆங்கில ஓவியர். அவர் முதலில் வரைந்தது உருளைக் கருவியே. பின்னர்க் கிராமபோன் கம்பெனியார் வேண்டுகோட்கு இணங்கி அதன்மேலே தட்டுக் கருவியை எழுதினார்.

இழப்பும் தெளிவும்

உலகம் முழுதும் தம் தட்டு பரவிய வேளையிலே, பெர்லினர் தாம் வாழ்ந்த நாட்டிலே அதனை விற்கும் உரிமையை இழந்தார். அமெரிக்காவில் விற்பனை செய்ய அவர் ஒப்பந்தம் செய்திருந்தவர் பிராங்க் சீமன் என்பார். இருவர்க்கும் பிணக்கு நேர்ந்தது. சீமனைச் சார்ந்தோர் போட்டிக் கருவி ஒன்றை விற்கத் தொடங்கினர். மாற்றுக் கம்பெனியாரோடும் உடன்பட்டனர். முடிவில், 1900ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் பெர்லினரின் விற்பனைக்குத் தடை விதித்தது. தாம் கண்ட பொருளைத் தாமே விற்றல் ஆகாது என்னும் நிலை எய்திற்று. அவர் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரிலே தொழிலை நடத்தினார். ஜான்சன் 1901இல் விக்டர் கம்பெனியை நிறுவி அமெரிக்காவில் தட்டுத் தொழிலைத் தொடர்ந்தார். கிராமபோன் என்னும் பெயர் நம் நாட்டில் நிலைத்தது. அதனை இட்டவர் வாழ்ந்த அமெரிக்காவிலோ வழக்கொழிந்தது.

இத்தகைய இழப்பு வேறொருவர்க்கு நேர்ந்திருப்பின், எஞ்சிய வாழ்நாள் முழுதும் பகையிலும் வழக்கிலும் கழிந்திருக்கும். பெர்லினர் உள்ளமோ வேறு துறையிற் சென்றது. 1900ஆம் ஆண்டிலே அவர் மகள் ஆலிஸ் குடல்நோயால் வருந்தி இறக்கும் நிலை எய்தினாள். அதனை ஆராய்ந்த பெர்லினர், அக்காலத்திற் குழந்தைகள் பலர் மடிவதற்குத் தூய்மையற்ற பாலே பெருங்காரணம் என்று தெளிந்தார். பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கிய பின்னரே குழந்தைகளுக்குத் தரவேண்டும் என்பதைச் செய்தித்தாள் வாயிலாகவும் கூட்டங்கள் வாயிலாகவும் ஓயாது எடுத்துரைத்தார். தூய பாலுக்கு விதிகள் வகுக்க முயன்றார். சிறுவர்க்கு நலவழி கூறும் பாட்டுப்புத்தகமும் எழுதி வெளியிட்டார். தாயார் பெயரால் ஆராய்ச்சி புரியும் பெண்களுக்கு உதவிநிதி ஒன்றும் ஏற்படுத்தினார். முதுமையிலும் அவர் ஓய்ந்திலர். நேர்மேலே எழும் வானூர்தியை ஆராய்ந்தார். அம்முயற்சியை அவர் மகன் ஹென்றி தொடர்ந்து நடத்தினார். மண்டபங்களில் எதிரொலியை அடக்கும் சுவரோடுகளையும் செய்தார். 1929ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், வாஷிங்டனில் உயிர்நீத்தார்.

தட்டின் பிற்காலம்

பெர்லினர் இட்ட பக்கவாட்டு நெளிகோடு அவரோடு மறையவில்லை. 1925 முதல் ஒலிவாங்கியின் துணையால் மின்முறைப் பதிவு தொடங்கிற்று. அவருடைய இளமைக்கால ஆராய்ச்சியும் முதிர்ந்தகால ஆராய்ச்சியும் அங்கே ஒன்றுசேர்ந்தன. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொலம்பியா கம்பெனியார், நிமிடத்திற்கு முப்பத்துமூன்றே கால் சுற்றுக்குச் சற்று மிகுதியாக, அதாவது மூன்று நிமிடத்தில் நூறு முறை சுழலும் வினைல் தட்டினை வெளியிட்டனர். எளிதில் உடையும் அரக்குத் தட்டு ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடமே பாடும்; வினைல் தட்டோ இருபது நிமிடத்திற்கு மேலும் பாடிற்று. இறுதியில், ஒலியை எண்களாகப் பதியும் குறுந்தகடு 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வாணிகத்திற்கென முதன்முதல் அச்சாயிற்று. அஃது அச்சான இடம் ஹானோவரை அடுத்த லாங்கன்ஹாகன்; அச்சிட்டவர் பெர்லினர் தோற்றுவித்த கம்பெனியின் வழிவந்தோர்.

இவ்வெண்முறையால் விளைந்த விந்தை ஒன்றையும் கூறவேண்டும். 1890ஆம் ஆண்டில் ஜெர்மன் வார இதழ் ஒன்று, பெர்லினரின் தட்டு ஒன்றின் படத்தைத் தாளில் அச்சிட்டது. 2012ஆம் ஆண்டில் பாட்ரிக் ஃபீஸ்டர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அத்தாளைக் கணினியிற் படமெடுத்து, சுருள்வட்டக் கோட்டினை நேர்கோடாக விரித்து, அந்நெளிவுகளை எண்களாக மாற்றி, எண்களை ஒலியாக்கினார். ஷில்லர் என்னும் ஜெர்மன் புலவரின் கவிதையைப் பெர்லினரே ஓதிய குரல் எழுந்தது. தாளிலே நூறாண்டுக்கு மேல் ஊமையாய்க் கிடந்தவர் பேசினார். படி ஒன்று எங்கேனும் எஞ்சியிருப்பின் குரல் மடியாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாம் செய்யக் கடவது

இனி நம் வீட்டுத் தட்டுகளை நோக்குவோம். அவற்றுட் பலவற்றிற்குத் தாய்த்தட்டும் அச்சும் இன்று இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது அரக்குத் தட்டுப்பாடு உண்டாக, பழைய தட்டுகளையே மக்களிடம் வாங்கித் தூளாக்கிப் புதுத் தட்டு அமைத்த நாடுகளும் உண்டு. ஆதலின், எவருடைய அலமாரியிலோ எஞ்சிய ஒரு தட்டே ஒரு பாடகரின் ஒரே சான்றாய் நிற்றல் கூடும். அதனையும் ஊசி ஒவ்வொரு முறையும் சிறிது தேய்க்கின்றது, வெப்பம் நெளிக்கின்றது, பூஞ்சை படர்கின்றது. ஓலை செல்லரிக்குமுன் படி எடுத்த நம் முன்னோர் முறையே இங்கும் முறையாகும். அதற்குப் பெருங்கூடம் வேண்டா. நல்ல சுழல்மேடையும், முன்பெருக்கியும், ஒலியை எண்ணாக்கிக் கணினிக்குத் தரும் சிறு கருவியும் போதும். பதிவு செய்யும் மென்பொருள்களுள் ஆடாசிட்டி போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன.

முதலிற் செய்யத்தக்கது தூய்மை செய்தல். வாலைநீரில் நனைத்த மெல்லிய துணியால், பள்ளம் செல்லும் வட்டத்திசையிலேயே துடைத்தல் வேண்டும். அரக்குத் தட்டில் சாராயம் கலந்த நீர் எதனையும் இடலாகாது. அரக்கு அதிற் கரைந்துவிடும். அடுத்தது ஊசி. எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டிற்கு ஊசிமுனையின் ஆரம் ஓரங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவு வேண்டும். வினைல் நெடுந்தட்டிற்கு ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. ஒன்றிற்குரியதை மற்றொன்றில் இட்டால் ஒலி கெடும், தட்டும் கெடும். பழைய சாவிப்பெட்டியின் கனத்த எஃகூசியை, படி எடுக்கும் முன்னர்த் தட்டின்மேல் வைத்தலே ஆகாது.

கணினி ஒரு நொடியைப் பல்லாயிரம் கூறாகப் பகுத்து, ஒவ்வொரு கூறிலும் அலையின் உயரத்தை ஓரெண்ணாற் குறிக்கின்றது. குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் 65,536 படிநிலைகளுள் ஒன்று. நெடுங்காலக் காப்பிற்கு 96,000 கூறுகளும் 24 பிட் அளவும் சிறந்தவை என்பது ஒலியாவணக் காப்பாளர் கொள்கை. முதற்பதிவினைச் சுருக்காது, வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக வைத்தல் வேண்டும். கீறல் ஒலியையும் இரைச்சலையும் நீக்க விரும்புவோர் அதன் மறுபடியிலேயே நீக்குக, முதற்படியைத் தொடற்க. இரைச்சலோடு குரலின் நுண்மையும் போய்விடுதல் உண்டு. போனதை மீட்டல் அரிது. இப்பணியை விரைவுபடுத்தவும் இயலாது. இருபது நிமிடம் பாடும் தட்டிற்கு இருபது நிமிடம் அமர்ந்தே தீரவேண்டும்.

பெர்லினர் தம் தட்டின் நடுவிற் பொறித்தவாறே, நாமும் ஒவ்வொரு கோப்பிற்கும் பாடியவர் பெயர், பாட்டு, கம்பெனி, தட்டின் எண், பள்ளத்தின் முடிவிற் பொறித்த எண், படி எடுத்த நாள் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பெயரில்லாத குரல் ஊரறியாத வழிப்போக்கன் போன்றது. கோப்பினை ஓரிடத்து மட்டும் வையாது, வெவ்வேறு வட்டுகளில் வெவ்வேறு இல்லங்களில் வைத்தல் நன்று. படி எடுத்தபின் தட்டினை எறிந்துவிடுதல் அறியாமை. அதனினும் நுண்ணிய முறை நாளை தோன்றும். இவ்வாறு எடுத்த படி வீட்டுக் காப்பிற்கே உரியது. அதனை விற்றல் பாடினோர் உரிமையைப் பறித்தலாகும். அவ்வுரிமையை முதற்கண் எண்ணியவரும் பெர்லினரே அன்றோ?

அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் பெர்லினரின் தட்டுகளையும் தாள்களையும் சேர்த்துக் காத்து, அக்குரல்களை எண்முறையிற் படி எடுத்து, எவரும் கேட்கும்படி வைத்துள்ளது. பெரிய நூல்நிலையங்கள் பெரியவற்றைக் காக்கும். நம் பாட்டனார் விரும்பிக் கேட்ட நாடகப்பாட்டையும், திருமண வீட்டிற் பாடிய நாகசுரத் தட்டையும், காந்த நாடாவிற் பதிந்த நம் அன்னையின் தாலாட்டையும் காப்பவர் யார்? ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய்ச் சென்ற டாக்டர் சாமிநாதையர் கண்ட ஏடுகளுட் பல, எளிய இல்லங்களின் மூலையிற் கிடந்தவையே.

பெர்லினர் இறப்பதற்குமுன் தம் குடும்பத்தார்க்கு விருப்பம் சில எழுதி வைத்தார். ஈமச்சடங்கு ஆடம்பரமின்றி நடத்தல் வேண்டும். கதிரவன் மறையும் வேளையில் அடக்கம் செய்தல் வேண்டும். கைக்குழந்தையோடு வருந்தும் ஏழைத் தாய்மார்க்குச் சிறிது பொருள் அளித்தல் வேண்டும். மகள் ஆலிஸ் பியானோவில் பீத்தோவன் இசையை வாசித்தல் வேண்டும் என்பன அவை. நோயினின்று பிழைத்த மகளின் கையிசையே அவர் கடைசியாக வேண்டிய இசை. தம் தட்டு உலகெங்கும் பாடிக்கொண்டிருந்தும், உயிரோடு இருப்பார் எழுப்பும் இசைக்கு அது நிழலே என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும். நிழலாயினும் நமக்கு எஞ்சியிருப்பது அதுவே. இவ்விடுமுறையில் வீடு செல்லும் நம் நண்பர்கள் பரண்மேற் கிடக்கும் தட்டுகளை இறக்கித் தூசி துடைப்பாராக. அவற்றின் பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதுவாராக. ஆண்டுக்குப் பத்துத் தட்டு படியெடுப்பினும், பெர்லினர் தொடங்கிய தொழிலை நாம் ஓரடி நடத்தியவராவோம்.